குளத்து மீன் யார் தட்டுக்குப் போகிறது? மீன் வளர்ப்பு ஆராய்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளரும் நாடுகளில் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி என்று பேச்செடுத்தால் கேள்விகள் இரண்டு பக்கங்களிலிருந்து வரும். குளம் வைத்திருப்பவர் விளைச்சலைக் கேட்பார். குழந்தைகளின் ஊட்டக்குறைவைக் கண்டு கவலைப்படுகிறவர், அந்த விளைச்சல் யார் வயிற்றுக்குப் போகிறது என்று கேட்பார். இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கீழே உள்ள பதில்களில் அந்தச் சாய்வு தெரியத்தான் செய்யும்.

கடலிலும் ஆற்றிலும் மீன் கிடைக்கும்போது, வளர்ப்பதற்காக இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?

பிடிக்கும் மீனின் அளவு 1980களின் கடைசியிலிருந்தே பெரிதாக உயரவில்லை. படகும் வலையும் பெருகினவே தவிர, கடல் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. அதன்பின் கூடுதலாகக் கிடைத்த மீனில் பெரும்பகுதி வளர்ப்பிலிருந்தே வந்தது. 2022இல் உலகில் உற்பத்தியான 18.54 கோடி டன் மீன், இறால், சிப்பி போன்ற நீர்வாழ் விலங்குகளில் 9.44 கோடி டன், அதாவது 51 சதவீதம், வளர்க்கப்பட்டவை. பிடித்ததை வளர்த்தது முந்தியது அந்த ஆண்டில்தான் என்று ஐக்கிய நாடுகள் சபையின் உணவு, வேளாண்மை அமைப்பு 2024இல் அறிவித்தது.

இந்தக் கணக்கைப் பார்த்து மகிழ்வதற்கு முன்னால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வளர்ப்பு மீனில் ஏறக்குறைய 90 சதவீதம் பத்தே நாடுகளில் உற்பத்தியாகிறது. சீனா, இந்தோனேசியா, இந்தியா, வியட்நாம், வங்கதேசம், எகிப்து ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. ஆண்டுக்கு ஒருவர் உண்ணும் மீனின் உலகச் சராசரி 20 கிலோவைத் தாண்டிவிட்டது. ஆப்பிரிக்காவின் சராசரி அதில் பாதியைக்கூட எட்டவில்லை. தேவை அதிகமுள்ள இடத்தில் வளர்ப்பு குறைவாக இருக்கிறது. ஆராய்ச்சிக்கு வேலை அங்கேதான்.

இந்த ஆராய்ச்சியைச் செய்வது யார்?

பன்னாட்டு அளவில் முதலில் சொல்லப்படும் பெயர் வேர்ல்ட்ஃபிஷ். 1970களில் வேறொரு பெயரில் தொடங்கி, மணிலாவில் நெடுங்காலம் இயங்கி, 2000ஆம் ஆண்டில் மலேசியாவின் பினாங்குக்குக் குடிபெயர்ந்த நிறுவனம் அது. ஆனால் உழைப்பில் பெரும்பங்கு அந்தந்த நாட்டு நிலையங்களுடையது. புவனேஸ்வரத்தை அடுத்த கௌசல்யகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம், மைமன்சிங்கில் உள்ள வங்கதேச மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கானாவின் அகோசொம்போ நிலையம், வியட்நாமின் கான்தோ பல்கலைக்கழகம் போன்றவை. செய்தியில் பன்னாட்டுப் பெயர் வரும். தாய் மீனுக்குத் தீவனம் போட்டு, எடை எடுத்து, ஏட்டில் குறித்து வைப்பவர்கள் இந்த நிலையங்களில் இருப்பார்கள்.

மீன் குஞ்சு கிடைப்பது ஒரு காலத்தில் அவ்வளவு கடினமாகவா இருந்தது?

ஆம். கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டைகள் மழைக்காலத்தில் ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும். குளத்தில் வளர்த்தால் பெண் மீனுக்குச் சினை பிடிக்கும், வயிறு உப்பும், ஆனால் முட்டையை வெளியிடாது. அதனால் பண்ணையாளர்கள் வெள்ளக் காலத்தில் ஆற்றில் வலை கட்டிக் குஞ்சு சேகரித்தார்கள். அப்படி வந்த குஞ்சில் எது கட்லா, எது கட்லாவைத் தின்னப்போகும் மீன் என்று பிரிக்கவே முடியாது. சில மாதம் கழித்துத் தெரிய வரும்போது குளம் பாதி காலியாக இருக்கும்.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்ற இடத்தில் ஹீராலால் சௌதுரி இந்தக் கெண்டைகளை ஊசி மூலம் முட்டையிட வைத்தார். முறை கேட்க எளிமையாக இருக்கும். சினை முதிர்ந்த மீனின் மண்டையைத் திறந்து, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து, ஆல்கஹாலில் பாதுகாத்து, தேவைப்படும்போது அரைத்துக் கரைத்துத் தாய் மீனுக்குச் செலுத்த வேண்டும். சில மணி நேரத்தில் அது முட்டையிடும். ஆறு தர வேண்டிய தூண்டுதலை அந்தச் சுரப்பியின் ஹார்மோன் தந்துவிடுகிறது. இன்று சுரப்பிக்குப் பதில் ஆயத்தமாகக் கிடைக்கும் செயற்கை ஹார்மோன் மருந்தைப் பொரிப்பகங்கள் பயன்படுத்துகின்றன. இந்தியாவில் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுவது இந்தச் சோதனையின் நினைவாகத்தான். ஒரே குளத்தில் மேல் மட்டம், நடு மட்டம், அடி மட்டம் என்று வெவ்வேறு இடத்தில் இரை தேடும் கெண்டைகளைச் சேர்த்து வளர்க்கும் கூட்டு மீன் வளர்ப்பு, நம்பகமான குஞ்சு கிடைத்த பிறகே பரவ முடிந்தது.

அப்படியென்றால் குஞ்சுப் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

எண்ணிக்கையில் தீர்ந்தது, தரத்தில் இல்லை. சிறிய பொரிப்பகங்கள் கைக்கெட்டிய சில தாய் மீன்களையே தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்துகின்றன. உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடப்பதால் வளர்ச்சி குறைகிறது, உருக்குறை கூடுகிறது. விவசாயி தீவனத்தைக் குறை சொல்வார், தண்ணீரைக் குறை சொல்வார். குற்றம் குஞ்சில் இருக்கும். புவனேஸ்வரத்தில் நார்வே நிபுணர்களுடன் இணைந்து தேர்வு இனப்பெருக்கம் (நன்றாக வளரும் மீன்களையே தலைமுறைதோறும் தேர்ந்து பெருக்குவது) மூலம் உருவாக்கிய ஜெயந்தி ரோகுவும், ஹால்டா, பத்மா, ஜமுனா ஆறுகளிலிருந்து மீன் திரட்டி வங்கதேசத்தில் உருவாக்கிய மேம்பட்ட ரோகுவும் இந்தச் சரிவுக்கு மாற்றாக வந்தவை. ஆனால் நல்ல இனத்தை உருவாக்குவது பாதி வேலை. அது கலப்படமில்லாமல் பொரிப்பகம், நாற்றங்கால் குளம், குஞ்சு வியாபாரி என்று கைமாறிக் கடைசிக் குளம்வரை போய்ச் சேர வேண்டும். பல நாடுகளில் அறுந்து கிடப்பது இந்தச் சங்கிலிதான்.

கிஃப்ட் திலேப்பியா மரபணு மாற்றப்பட்ட மீனா?

இல்லை. கிஃப்ட் என்பது திலேப்பியா என்ற நன்னீர் மீனின் மேம்படுத்திய இனம். அதன் ஆங்கிலப் பெயரில் ‘மரபியல் ரீதியாக மேம்படுத்திய’ என்று வருவதால் இந்தச் சந்தேகம் ஓயாமல் எழுகிறது. எந்த மரபணுவும் வெளியிலிருந்து நுழைக்கப்படவில்லை. மாடு, நெல் ஆகியவற்றில் நெடுங்காலமாகச் செய்துவரும் தேர்வு இனப்பெருக்கம்தான் இதுவும்.

1988இல் பிலிப்பைன்ஸில் பணி தொடங்கியது. எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து காட்டு நைல் திலேப்பியாக்களையும், ஆசியப் பண்ணைகளில் ஏற்கெனவே இருந்த நான்கு இனங்களையும் திரட்டி, வெவ்வேறு சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள். நன்றாக வளர்ந்த குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து அடுத்த தலைமுறை, அதிலிருந்து அதற்கடுத்தது என்று சென்றார்கள். ஐந்து தலைமுறைகளில், தொடங்கிய கூட்டத்தைவிட 85 சதவீதம் வேகமாக வளரும் மீன் கிடைத்தது. ஆசியாவில் இன்று வளரும் திலேப்பியாக்களில் பலவற்றின் வம்சாவளியில் அந்த மீன் இருக்கிறது.

இதில் ஒரு முரண் உண்டு. மூலப்பொருள் ஆப்பிரிக்காவினுடையது, பலன் முதலில் ஆசியாவுக்கு. மேம்படுத்திய மீனைத் திரும்பக் கொண்டுபோனால் பண்ணையிலிருந்து தப்பி அங்குள்ள காட்டு இனங்களோடு கலந்துவிடும், உலகத்துக்கே விதைச் சேமிப்பாக இருக்கும் அந்த ஆறுகளும் ஏரிகளும் கெட்டுவிடும் என்ற அச்சத்தால் நீண்ட காலம் அனுப்பவில்லை. அச்சம் நியாயமானது. அதற்காக ஆப்பிரிக்க விவசாயி மெதுவாக வளரும் மீனோடு காலம் தள்ள வேண்டும் என்பதும் நியாயமில்லை. உள்ளூர் மீனையே தேர்வு செய்து மேம்படுத்துவது நடுவழி. கானாவின் அகோசொம்போ இனமும் எகிப்தின் அபாசா இனமும் அப்படி வந்தவை.

திலேப்பியாக் குஞ்சுகளை ஹார்மோன் கொடுத்து ஆணாக மாற்றுகிறார்களாமே. அதைச் சாப்பிடலாமா?

திலேப்பியா சில மாதங்களிலேயே முட்டையிட்டுப் பெருகத் தொடங்கிவிடும். இரண்டு பாலும் இருந்தால் குளம் முழுக்கப் பொடி மீனாகிவிடும். ஆண் மீன் வேகமாகவும் வளரும். எனவே குஞ்சுகளுக்கு முதல் மூன்று, நான்கு வாரங்கள் மட்டும் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற செயற்கை ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுக்கிறார்கள். அப்போது குஞ்சின் எடை ஒரு கிராமைக்கூடத் தொடாது. மாதக்கணக்கில் வளர்ந்து சந்தைக்கு வரும்போது உடலில் அந்த ஹார்மோன் தங்கியிருப்பதில்லை. உண்பவரைவிட, முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் அந்தத் தீவனத்தைக் கலக்கும் தொழிலாளியைப் பற்றியும், பொரிப்பகம் வெளியேற்றும் நீரைப் பற்றியும்தான் கவலைப்பட வேண்டும்.

மீனில் அப்படி என்ன இருக்கிறது? பருப்பும் கீரையும் போதாதா?

புரதத்துக்குப் பருப்பு போதும் என்று வாதிடலாம். பி12 செடிகொடிகளில் கிடைப்பதில்லை. இரும்பும் துத்தநாகமும் கீரை, தானியங்களில் இருந்தாலும் உடல் அவற்றைச் சொற்பமாகவே உறிஞ்சும். சோற்றுடன் கொஞ்சம் மீன் சேர்ந்தால், அந்தச் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பையும் உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களுக்கும் மீன் நல்ல மூலம். கருத்தரித்ததிலிருந்து இரண்டு வயதுவரையிலான ஆயிரம் நாட்களில் இவை கிடைக்காமல் போனால், பின்னால் ஈடுகட்டுவது கடினம்.

மீன் உற்பத்தி கூடினால் ஊட்டமும் தானாகக் கூடிவிடாதா?

கூடும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். வங்கதேசத்தின் அனுபவம் வேறு சொல்கிறது. 1991 முதல் 2010 வரையிலான உணவுக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, அந்தக் காலத்தில் மக்கள் உண்ட மீனின் அளவு 30 சதவீதம் உயர்ந்தது. ஆனால் மீனிலிருந்து கிடைத்த இரும்பும் கால்சியமும் குறைந்தன.

தட்டில் கிடந்த மீன் மாறியதுதான் காரணம். முன்பு வயலிலும் ஓடையிலும் பிடித்த சிறு மீன்கள், தலையும் முள்ளும் குடலுமாக முழுதாக உண்ணப்பட்டன. கால்சியம் முள்ளில் இருக்கிறது. பல நுண்சத்துகள் தலையிலும் உள்ளுறுப்பிலும் இருக்கின்றன. அவற்றின் இடத்தைப் பண்ணையில் வளர்ந்த கெண்டை, பங்காசியஸ் என்ற கெளுத்தி வகை, திலேப்பியா ஆகியவை பிடித்தன. பெரிய மீனைத் துண்டு போட்டால் நாம் உண்பது சதையை. முள் இலையோரம் போகிறது. எடைக் கணக்கில் லாபம், சத்துக் கணக்கில் நட்டம்.

இதைக் காட்டிப் பண்ணை மீன் வேண்டாம் என்று சொல்வது தவறு. அதே நாட்டில் வளர்ப்பு மீன் பெருகியதால் மீன் விலை கட்டுக்குள் இருந்தது, ஏழைக் குடும்பங்களின் மீன் நுகர்வு உயர்ந்தது. வளர்ப்பு இல்லாதிருந்தால், ஆற்று மீன் குறைந்துகொண்டே போன காலத்தில் அவர்களுக்கு எதுவுமே மிஞ்சியிருக்காது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஒரு ஹெக்டேருக்கு எத்தனை டன் என்ற ஒற்றை அளவுகோலை வைத்துக்கொண்டு ஊட்டச்சத்தைப் பற்றிப் பேச முடியாது.

மோலா என்ற சிறு மீனைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, ஏன்?

விரல் நீளம்கூட வளராத வெள்ளி நிற மீன் அது. குளத்தைத் தயார் செய்யும்போது மோலாவும் அதன் கூட்டாளிகளும் ‘களை மீன்’ கணக்கில் வந்தன. கெண்டைக் குஞ்சு விடும் முன் குளத்தில் உள்ள மற்ற மீன்களையெல்லாம் கொன்றுவிட வேண்டும் என்பது பாடப்புத்தக விதி. அதற்கு வங்கதேசத்தில் ரோட்டனோன் என்ற நஞ்சு, இந்தியாவில் இலுப்பைப் பிண்ணாக்கு. விரால் போன்ற கொன்றுண்ணிகளை அகற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. மோலா யாரையும் தின்பதில்லை. ஆனால் நஞ்சு ஆள் பார்த்துக் கொல்வதில்லை.

டிரினிடாடில் பிறந்து டென்மார்க்கில் குடியேறிய ஊட்டச்சத்து அறிவியலாளர் சகுந்தலா தில்ஸ்டெட் 1980களில் வங்கதேசத்தில், ஊட்டக்குறைவுள்ள குழந்தைகள் சிகிச்சை பெற்ற இடத்தில் பணியாற்றினார். சிறு மீன் உடம்புக்கு நல்லது என்று கிராமத்துப் பெண்கள் அங்கே சொல்லக் கேட்டார். பலரும் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகும் பேச்சு அது. அவர் அந்த மீன்களை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பகுத்தாய்ந்தார். 100 கிராம் மோலாவில் 2,500 மைக்ரோகிராமுக்கு மேல் வைட்டமின் ஏ அளவிடப்பட்டது. வெள்ளிக் கெண்டையில் அது மிகச் சொற்பம். இரும்பு, துத்தநாகம், கால்சியமும் மோலாவில் தாராளமாக இருந்தன.

அடுத்த கேள்வி விவசாயியுடையது: மோலாவை விட்டால் கெண்டை விளைச்சல் குறையுமா? குளங்களில் சோதித்தபோது குறையவில்லை. மோலா குளத்திலேயே ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை இனப்பெருக்கம் செய்துகொள்ளும், ஒருமுறை விட்டால் போதும், அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துச் சமைக்கலாம். கெண்டை வளர்ந்து விற்பனைக்குப் போகும். மோலா வீட்டில் தங்கும். விலை அதிகமான மீனைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுக் குடும்பம் மிச்சத்தைத் தின்னும் வழக்கத்தை மாற்ற முயலாமல், அந்த வழக்கத்தையே பயன்படுத்திக்கொள்வதால் இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. தில்ஸ்டெட்டுக்கு 2021இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஒடிசாவிலும் அசாமிலும் கெண்டைக் குளங்களில் மோலா வளர்ப்பைப் பரப்பும் முயற்சிகள் நடந்திருக்கின்றன.

மோலா சாப்பிட்டால் வைட்டமின் ஏ குறைபாடு தீர்ந்துவிடும் என்று நிரூபணம் ஆகியிருக்கிறதா?

இல்லை. விளம்பரத் தாள்களில் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வங்கதேசக் குழந்தைகளுக்கு மோலாக் குழம்பு கொடுத்துச் செய்த கட்டுப்படுத்தப்பட்ட சோதனை ஒன்று 2008இல் வெளியானது. எதிர்பார்த்த முன்னேற்றம் இரத்தத்தில் தென்படவில்லை. மோலாவில் உள்ள வைட்டமின் ஏயின் பெரும்பகுதி டிஹைட்ரோரெட்டினால் என்ற வடிவில் இருக்கிறது. மனித உடலில் அதன் செயல்திறன் வழக்கமான ரெட்டினாலைவிடக் குறைவு.

இதனால் மோலா பொய் என்றாகிவிடாது. அதன் கால்சியம், இரும்பு, துத்தநாகம், பி12 எங்கும் போய்விடவில்லை. ஆனால் மீனில் ஒரு சத்து இருப்பதும், சமையலில் தப்பி, குழந்தையின் தட்டுக்கு வந்து, உடலில் சேருவதும் வேறு வேறு கட்டங்கள். மோலாவின் வைட்டமின் ஏ அதன் கண்களிலும் குடல் பகுதியிலும் செறிந்திருக்கிறது. தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிதுக்கிச் சுத்தம் செய்யும் வீட்டில் அது கழிவுநீரோடு போய்விடும். வலையில் கிடைத்ததை எடை போடும் ஆய்வைவிட, அடுப்படியில் உட்கார்ந்து பார்க்கும் ஆய்வுகளே இந்தத் துறைக்கு அதிகம் தேவைப்படுகின்றன.

பெண்களுக்கு இதில் என்ன இடம்?

வேலையில் நிறைய, கணக்கில் குறைவு. குஞ்சுக்குத் தவிடும் பிண்ணாக்கும் போடுவது, மீனைச் சுத்தம் செய்வது, உலர்த்துவது, புகையூட்டுவது, தலையில் சுமந்து விற்பது ஆகிய வேலைகளில் பெரும்பங்கு பல நாடுகளில் பெண்களுடையது. குளத்தின் பட்டா, கடன், பயிற்சிக்கான அழைப்பு ஆகியவை ஆண் பெயரில் போகும்.

ஆந்திரத்தின் பாபட்லாவில் பிறந்த மோதடுகு விஜய் குப்தா வங்கதேசத்தில் செய்த பணி இங்கே நினைக்கத்தக்கது. பெரிய குளங்களை விட்டுவிட்டு, சாலை போட மண் எடுத்த பள்ளங்களையும், சில மாதங்கள் மட்டுமே நீர் நிற்கும் குட்டைகளையும் அவர் பார்த்தார். சீக்கிரம் வளரும் மீன்களை அவற்றில் விட்டு, வீட்டில் கிடைக்கும் தவிடு போன்றவற்றைத் தீவனமாக்கி, நிலமில்லாத ஏழைப் பெண்களுக்கும் அந்த வேலையைக் கொண்டுபோனார். 2005ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவருக்கு.

இன்னொரு சிறிய எடுத்துக்காட்டு. மோலா குளத்தில் இருக்கும், ஆனால் பிடிக்க ஆண்கள் இறங்கி இழுவலை போட வேண்டும். கணவர் வேலைக்குப் போயிருந்தால் குழம்பில் மீன் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் பெண்களுடன் கலந்து பேசி, கரையிலிருந்தபடியே போட்டு எடுக்கக்கூடிய சிறிய செவுள் வலையை உருவாக்கினார்கள். உடை நனையாமல், நேரம் போகாமல், ஒரு வேளைக் குழம்புக்கான மீன் கிடைத்துவிடுகிறது. மரபியல் ஆய்வகத்தில் கோடிகள் செலவழித்துக் கிடைக்கும் முன்னேற்றத்துக்கு இந்த வலை எந்த வகையிலும் குறைந்ததல்ல.

தீவனச் செலவுக்கு வழி உண்டா?

வணிகப் பண்ணையின் நடைமுறைச் செலவில் பாதிக்கு மேல் தீவனம். சில இடங்களில் 70 சதவீதம்வரை போகும். எகிப்தில் திலேப்பியா விவசாயிகளுக்கு நல்ல பராமரிப்பு முறைகளைப் பயிற்றுவித்தபோது லாபம் கூடியது. விளைச்சல் கூடியதால் அல்ல, வீணாகப் போட்ட தீவனம் குறைந்ததால். தின்னாத தீவனம் அடியில் அழுகித் தண்ணீரையும் கெடுக்கும் என்பதால் சிக்கனம் இங்கே இரட்டை லாபம்.

தீவனத்தில் சேரும் மீன் தூள்தான் மனச்சாட்சியை உறுத்தும் விஷயம். செனகல், மொரிட்டானியா, காம்பியா கடற்கரைகளில் ஏழைகள் உண்டுவந்த சார்டினெல்லா என்ற மத்தி வகை மீன்கள் மீன் தூள் ஆலைகளுக்குப் போகின்றன. தூள் கப்பலேறி வெளிநாட்டுப் பண்ணைகளுக்குப் போகிறது. ஒரு நாட்டின் மலிவான மீனை அரைத்து இன்னொரு நாட்டின் விலையுயர்ந்த மீனை வளர்ப்பதை ஊட்டச்சத்துத் திட்டம் என்று யாரும் அழைக்க முடியாது. சோயா, உள்ளூர்ப் பிண்ணாக்குகள், கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள் போன்ற மாற்றுகள் ஆராயப்படுகின்றன. புழு நல்ல புரதம். மலிவாகவும் பெருமளவிலும் கிடைக்கச் செய்வதுதான் எஞ்சியுள்ள சிக்கல். கெண்டைக்கும் திலேப்பியாவுக்கும் மீன் தூள் கொஞ்சம்தான் வேண்டும் என்பது அந்த மீன்களை வளர்ப்பதற்கு ஆதரவான வலுவான வாதம்.

மாலையில் நன்றாக இருந்த மீன்கள் காலையில் செத்து மிதக்கின்றன. நஞ்சு கலந்துவிட்டார்களா?

இருக்கலாம், ஆனால் முதலில் பிராணவாயுவைச் சந்தேகப்படுங்கள். குளத்தைப் பச்சையாக்கும் நுண்பாசிகள் பகலில் வெயிலில் பிராணவாயுவை வெளியிடும், இரவில் மீனோடு சேர்ந்து தாங்களும் உறிஞ்சும். விடியலுக்குச் சற்று முன் அளவு மிகக் கீழே போகும். ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் மீன் நலமாக இருக்கும், 3க்குக் கீழே தொல்லை. அப்போது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நீர்ப்பரப்பை உறிஞ்சும். மேல்மட்ட மீன்களான கட்லாவும் வெள்ளிக் கெண்டையும் முதலில் சாகும். மேகமூட்டமாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் ஆபத்து அதிகம்.

முழங்கைவரை கையை நீருக்குள் விட்டுப் பாருங்கள். முழங்கை நனையும் முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது. சாணமும் உரமும் போடுவதை நிறுத்தவும். அவசரத்துக்கு நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர், இல்லையென்றால் பம்பு வைத்து அதே தண்ணீரை உயரத்திலிருந்து சிதறி விழச் செய்யலாம். அன்று தீவனம் கூடாது.

நோய்களுக்கு என்ன செய்கிறார்கள்?

பண்ணைகள் நெருங்க நெருங்க நோயும் நெருங்கிவிட்டது. திலேப்பியா ஏரி வைரஸ் 2014இல் இஸ்ரேலில் அடையாளம் காணப்பட்டு, பின் பல நாடுகளில் கண்டறியப்பட்டது. கானாவின் வோல்டா ஏரியில் 2018இல் வேறொரு வைரஸ் கூண்டுப் பண்ணைகளைச் சூறையாடியது. வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது, ஆனாலும் பீதியில் கொட்டுகிறார்கள். பாக்டீரியாக்கள் மருந்துக்கு அடங்காமல் போவதுதான் மிச்சம். நோய் தாங்கும் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவது, தடுப்பூசி, முதுகுப் பையில் அடங்கும் சிறு கருவிகளைக் கொண்டு குளக்கரையிலேயே கிருமியைக் கண்டறிவது ஆகிய மூன்று திசைகளில் ஆராய்ச்சி போகிறது. விவசாயி இன்றைக்கே செய்யக்கூடியது, தெரியாத இடத்திலிருந்து குஞ்சு வாங்காமல் இருப்பது.

சிறு குளங்களை ஊக்குவிப்பதா, வணிகப் பண்ணைகளையா?

இந்தச் சண்டை துறைக்குள்ளேயே ஓயவில்லை. கொல்லைப்புறக் குளம் வீட்டுக்கு மீன் தரும், வறுமையை ஒழிக்காது. நடுத்தர வணிகப் பண்ணை வேலை தரும், சந்தையில் மீன் விலையைக் குறைக்கும். குளமே இல்லாத நகரத்து ஏழைக்கு அதனால்தான் பலன். நிலமில்லாதவருக்குக் குளம் வெட்டச் சொல்வதில் பொருளில்லை. என் பார்வையில் விலையைக் குறைக்க வணிகப் பண்ணையும், சத்தைக் கூட்ட வீட்டுக் குளமும் வேண்டும். ஒரே திட்டம் இரண்டையும் சாதித்ததாக அறிக்கை எழுதினால் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும்.

பிடித்த மீன் கெட்டுப்போவதைத் தடுக்க ஏதாவது வந்திருக்கிறதா?

செனகலில் உணவு, வேளாண்மை அமைப்பின் துணையுடன் உருவான தியாரோய் புகையூட்டும் அடுப்பு குறிப்பிடத்தக்கது. விறகு குறைவாகப் பிடிக்கும், புகையில் உள்ள புற்றுநோய் தூண்டும் சேர்மங்கள் மீனில் படிவது குறையும், அடுப்பருகே நாள் முழுக்க நிற்கும் பெண்ணின் கண்ணும் நுரையீரலும் தப்பிக்கும். கட்டுமானச் செலவுதான் தடை.

சிறு மீனைக் கைக்குழந்தைக்கு எப்போதிலிருந்து, எப்படிக் கொடுக்கலாம்?

ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கும்போது மீனும் தொடங்கலாம். 6 முதல் 23 மாதம்வரையிலான குழந்தைகளுக்கு விலங்குவழி உணவு நாள்தோறும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முள்தான் தாய்மாரின் பயம். அதற்காகவே உலர்ந்த சிறு மீனை முள்ளோடு நைசாக அரைத்த தூள் பல நாடுகளில் சோதிக்கப்பட்டிருக்கிறது. கஞ்சியிலோ குழைந்த சோற்றிலோ சிறிதளவு கலந்தால் போதும். முதல் முறை மிகக் கொஞ்சமாகக் கொடுத்து ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்பிட்டு உலர்த்திய கருவாட்டை இதற்குப் பயன்படுத்தக்கூடாது. உப்பில்லாமல், தரையில் அல்லாமல் உயர்த்திக் கட்டிய பரணில் காய்ந்த மீனாக இருக்க வேண்டும். தரையில் காய்ந்ததில் மணலும் கிருமியும் சேர்ந்து அரைபடும். அரைத்த தூளைக் காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்து, ஈரக் கரண்டி படாமல் எடுக்க வேண்டும். ஊசல் வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும்.